மருந்துச் சீட்டின் பின்புறம்

இஃப்லால் எழுதுவது எப்போதும்
பார்மசியில் குவிந்த பழைய சீட்டுகளின் பின்புறம்.
முன்பக்கம் நீரிழிவுக் குளிசை,
காலையும் மாலையும், பூமலர் என்று யாருக்கோ.
பின்பக்கம் எனக்கு:
நோர்வேக்காரர் ஐந்து பேர்.
பாடகன் பல்லுக்கொதி வந்தவன் மாதிரிக் கத்துவான்,
பயப்படாதீங்க,
நாலாம் நிமிடத்தில் கிற்றார் அழும்.
கீழே இரண்டு கோடு இழுத்து:
ஹெட்போனில் கேட்டால் பலன் இல்லை.
சுவர் அதிர வேணும்.

எனக்கு இருப்பதோ வெள்ளவத்தையில்
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி அறை.
சுவர் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.
பக்கத்து வீட்டில் அப்பளம் முறிந்தால்
எனக்குக் கேட்கும்.
வாடகை ஒப்பந்தத்தில் பதினொராவது வரி
சத்தம் கூடாது.
பன்னிரண்டாவது, மீன் பொரிக்கக் கூடாது.
பன்னிரண்டை முதல் கிழமையே மீறிவிட்டேன்.

பதினொன்றுக்கு ரயில் இருந்தது.
பாணந்துறைப் பக்கமிருந்து வரும் வண்டி
முதலில் கோப்பைக்குள் கரண்டிக்குத் தெரியும்,
பிறகு யன்னல் கம்பிக்கு,
பிறகுதான் எனக்கு.
உடனே முழுவதும் திருப்புவேன்.
முப்பத்தெட்டு விநாடி.
இரட்டை மிதி ட்றம்ஸும் தண்டவாளமும்
எது எதுவென்று தெரியாமல்
என் விலா எலும்பில் ஏறி ஓடும்.
கடைசிப் பெட்டி போனதும் குறைப்பேன்,
நல்ல பிள்ளையாக வெங்காயம் உரிப்பேன்.
ஒரு பாட்டு முடிய ஒன்பது ரயில்.
ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் பாட்டும் முடிவதில்லை.

இதைச் சொன்னபோது
இஃப்லால் சிரித்து இருமல் பாணியைக் கவிழ்த்தான்.
‘துண்டு துண்டாக் குடிக்கிற மருந்தில்லை அக்கா.’

நானும் அவனுக்கு ஒரு சீட்டு எழுதினேன்.
கொச்சிக்கடைக் கோயில் வீதி, மூன்று தவில்,
யாரோ போனில் பிடித்தது, கரகரப்போடு.
பாடகன் இல்லை. பல்லுக்கொதி இல்லை.
இருபதாம் நிமிடம்வரை பொறு.
மறுநாள் கண் சிவந்து வந்தான்.
‘இவங்களுக்குக் கிற்றாரே தேவையில்லையே’ என்றான்,
கொஞ்சம் பொறாமையோடு.

பிறகு அந்தச் சனிக்கிழமை.
ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போய்
கீழே கலியாண மண்டபத்து ஜெனரேட்டர்
கிழட்டு எருமை போல உறுமத் தொடங்கியது.
அழைத்தேன்.
கொம்பனித்தெருவிலிருந்து ஓட்டோவில் வந்தான்,
கார் பற்றரியில் ஓடும் ஸ்பீக்கர் ஒன்றை
கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு.

இருட்டு. வியர்வை. நிலத்தில் நாங்கள்.
நோர்வேக்காரர் ஐவரும் அறைக்குள் இறங்கினார்கள்.
அலுமாரிக் கதவு தானே திறந்தது.
சாவிக்கொத்து மேசையில் நடந்துபோய் விழுந்தது.

எனக்குச் சத்தம் முன்பே பழக்கம்.
காதைப் பொத்து, வாயைத் திறந்து வை,
செவிப்பறை கிழியாது என்று
பங்கருக்குள் சொல்லித் தந்திருந்தார்கள்.
அந்தச் சத்தத்துக்கு
எங்கே விழுவதென்று அதற்கே தெரியாது.
நிறுத்தச் சொல்லவும் ஆள் இல்லை.

இது நான் கூப்பிட்டு வந்தது.
இதன் பொத்தான் என் பெருவிரலுக்குக் கீழே.
இருந்தும் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது.
இம்முறை
உள்ளேயிருந்து ஒன்று வெளியே வந்தது,
நீளமாக, அசிங்கமாக, தாளத்தோடு.
இஃப்லால் திரும்பிப் பார்த்தான்.
பிறகு அவனும் கத்தினான்.
நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை.
அப்படிச் சிரித்து எத்தனை வருடம்.

கரண்ட் வந்தது.
ஜெனரேட்டர் ஒரு விக்கலோடு நின்றது.
ஒழுங்கை முழுவதும் வெளிச்சம், அமைதி,
நடுவில் அம்மணமாக எங்கள் பாட்டு.
எதிர் மாடியில் ஒருவர் சாரத்தோடு வந்து நின்றார்.
கீழே ஒரு கதவு திறந்தது.
இஃப்லால் என் விரலைப் பார்த்தான்.

குறைக்கவில்லை.
பாட்டு முடிய
இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.